மூணு ஓட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குள் யாரையும் இடிக்காமல் நடக்க முடியாது. அந்த நெரிசலிலும் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் ரகுபதியைக் கண்டுபிடித்துவிட்டார். கத்தியைப் பலகைமேல் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரை முழங்கையால் இடித்தார்.

"இங்க பாரு லா, யாரு வந்திருக்கான்னு. மூணு ஓட்டு சார்!"

மீன் வாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியை எடுத்தார். குடிமக்கள் மேடைக் கட்சியின் மாத இதழ்களைக் கையில் அடுக்கி வைத்திருந்த ரகுபதியும் சிரித்தார். சிரிக்காமல் இருக்க முடியாது. அவர் கட்சியின் செய்தித் தொடர்பாளராகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள்தான் இதழை வாங்கினார்கள். கடைக்காரரும் இரண்டு வாங்கினார். வாங்கிய கையோடு கைப்பேசியை நீட்டினார்.

"ஒரே ஒரு தடவ சொல்லுங்க சார். என் மவன் உங்க ஃபேன்."

"இன்னொரு நாளைக்கு அண்ணே," என்று ரகுபதி நகர்ந்தார். வாழையிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றபிறகுதான் தம் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

அந்த இரண்டு வார்த்தைகள் பிறந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. அப்போது ரகுபதிக்கு நாற்பத்தொரு வயது. ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் வேலை. சனிக்கிழமைகளில் பத்திரிகையில் அரசியல் பத்தி எழுதுவார். தேர்தல் வந்தால் தமிழ்த் தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிடுவார்கள். புள்ளிவிவரம் சொல்வார், போன தேர்தலோடு ஒப்பிடுவார், நேயர்கள் கொட்டாவி விடுவதற்குள் முடித்துக்கொள்வார். நல்ல விமர்சகர் என்று பெயர் உண்டு. தெருவில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அன்று வேட்புமனுத் தாக்கல் நாள். நேரடி ஒளிபரப்பு. ஒவ்வொரு நிலையத்திலும் வேட்பாளர்கள் ஒலிபெருக்கி முன் வந்து ஒரு நிமிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஆங் மோ கியோவை ஒட்டிய, ஒரே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தனித்தொகுதியில், கட்சி எதுவும் இல்லாமல் சுயேச்சையாக ஒருவர் மனுப் போட்டிருந்தார். பெயர் சின்னராசு. ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், வயது அறுபத்திரண்டு. ஒல்லியான உடம்பில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் வட்டாரத்தில் ஒரு பேருந்தின் பாதையை மாற்றிவிட்டார்கள். சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போகும் முதியவர்கள் வெயிலில் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டியதாயிற்று. மனு எழுதினார், பதில் வரவில்லை, அதனால் தேர்தலில் நின்றார். அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

கையில் ஒரு தாளோடு ஒலிபெருக்கி முன் வந்தார். "நான்..." என்றார். வார்த்தை நின்றுவிட்டது. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய் என்பது ஒளிபரப்புக் கூடத்தில் யாருக்கும் தெரியாது. "நான்..." என்றார் மறுபடியும். பின்னால் மற்றக் கட்சிகளின் ஆட்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "நான்..." என்று மூன்றாவது முறை சொல்லி வாயைத் திறந்தபடி நின்றார். இயக்குநர் காட்சியை வெட்டிக் கூடத்துக்குத் திருப்பினார். தொகுப்பாளினிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேரலையில் இரண்டு விநாடி மௌனம் என்றால் இரண்டு மணி நேரம் மாதிரி. அதை நிரப்ப ரகுபதி வாயைத் திறந்தார்.

"நான் நான் நான்னு மூணு தரம் சொல்லிட்டாரு. மூணு ஓட்டு உறுதி."

தொகுப்பாளினி மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். ஒளிப்பதிவாளர் சிரித்ததில் காட்சியே ஆடியது. அந்த ஆட்டத்தோடுதான் அது அன்று மாலைக்குள் சிங்கப்பூரில் இருந்த தமிழர் கைப்பேசிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்தில் ஜோகூருக்கும் சென்னைக்கும் போனது.

அந்த ஒரு வரி ரகுபதிக்குச் சோறு போட்டது என்றால் மிகை. பெயர் போட்டது என்றால் சரியாக இருக்கும். அடுத்த மாதமே பட்டிமன்றத்துக்கு அழைத்தார்கள். தீபாவளி விருந்துகளை நடத்திக் கொடுக்கக் கேட்டார்கள். வாராந்திர இணைய நிகழ்ச்சி ஒன்று தொடங்கினார். அதன் முன்னோட்டத்தில் அந்த மேசைச் சிரிப்பு வரும். சின்னராசுவுக்கு விழுந்தது அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கு. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. ரகுபதியும்தான்.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு காலை, ரகுபதியின் மனைவி அமலா பத்திரிகையில் மரண அறிவிப்புப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலதுறை மருந்தகத்தில் தாதி. தெரிந்த நோயாளிகளின் பெயர் இருக்கிறதா என்று தினமும் பார்ப்பார்.

"இவரு அந்த பஸ் டிரைவர்தானே?"

படத்தில் சீருடையோடு இருந்தார். திடீர் மாரடைப்பு. மனைவி பூவம்மா, ஒரு மகள். கீழே அடுக்குமாடி புளோக் எண்ணும் இறுதிச் சடங்கு நேரமும் இருந்தன. ரகுபதி தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்; அதில் ஆடை படிந்தது. அன்று மாலை ஒரு கடிதம் எழுதத் தொடங்கினார். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று எழுதினார், அடித்தார். 'தங்கள் கணவரை நான் நேரில் அறியேன்' என்று எழுதினார், அதையும் அடித்தார். கடிதம் போகவில்லை. அவரும் போகவில்லை.

அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாரடைப்புக்கு யாரைச் சொல்வது? திட்டி ஒரு மின்னஞ்சலாவது வரும் என்று கொஞ்ச நாள் காத்திருந்தார். வரவில்லை. பட்டிமன்ற அழைப்புகள்தான் வந்தன.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேச்சுச் சத்தம் இல்லை. பேசுவதற்கு முன் ஒருவர் இழுக்கும் மூச்சு. இணைய நிகழ்ச்சிக்காகக் காதொலிப்பான் மாட்டி, ஒலிப்பதிவு தொடங்குவதற்கு முந்தைய நொடியில், வலது காதுக்குள் அந்த மூச்சு உள்ளே போகும். வார்த்தை வராது. "லைன்ல யாரோ இருக்காங்க," என்றார் ஒருநாள். தொழில்நுட்பர் எல்லாவற்றையும் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். வேறு காதொலிப்பான் கொடுத்தார். "க்ளீனா இருக்கு அண்ணே," என்றார். அடுத்த வாரமும் மூச்சு வந்தது. சில நாள் வரும், சில மாதம் வராது. போய்விட்டது என்று நினைத்தால் எம்ஆர்டி ரயிலின் கதவு மூடும் முன்பு கேட்கும் மணிக்கும் மூடும் கதவுக்கும் நடுவே வரும்.

இதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. குடிமக்கள் மேடையின் தலைவர் ஜலாலுதீன் அவரைத் தேடி வந்தபோதும் சொல்லவில்லை. ஜலாலுதீன் ஓய்வு பெற்ற வழக்கறிஞர்; சின்னக் கட்சியை இருபது வருடமாகத் தோளில் தூக்கிச் சுமந்தவர். டன்லப் தெருவில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள்.

"ரகு, நீங்க இத்தன வருஷமா வெளிய நின்னு மார்க் போடுறீங்க. ஒரு தடவ உள்ள வந்து பரிட்ச எழுதுங்க. எங்ககிட்ட நல்லவங்க இருக்காங்க. பேசத் தெரிஞ்சவங்க இல்ல."

"நான் பேசினா ஜனங்க சிரிப்பாங்க பாய்."

"சிரிக்கட்டுமே. எங்களைப் பாத்து யாரும் சிரிக்கக்கூட மாட்டேங்கிறாங்க."

வீட்டில் அமலா கேட்டார், "மார்க் போட்டுப் பழகினவருக்கு மார்க் வாங்கத் தெரியுமா?"

ரகுபதி வங்கி வேலையை விட்டார். ஏன் சேர்ந்தீர்கள் என்று நிருபர்கள் கேட்டதற்கு நாலைந்து நல்ல காரணங்கள் சொன்னார். எல்லாமே உண்மைதான். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எளியவர்கள் பக்கம் போய் நின்றுவிட்டால் அந்த மூச்சு நின்றுவிடும் என்று அவர் நம்பினார்.

நிற்கவில்லை. கூடியது.

வேலை கடினமாக இல்லை. அறிக்கை எழுத வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், தெரிந்ததில் எவ்வளவு சொல்லலாம் என்று அளக்க வேண்டும். கட்சியின் ஊடகப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ரோஷினி, முப்பது வயதுப் பெண், அவருடைய முதல் அறிக்கையைத் திருத்திக் கொடுத்தார். தாள் முழுக்கச் சிவப்பு வட்டம்.

"சார், எல்லா எடத்துலயும் 'நான்' வருது. 'நான் நினைக்கிறேன்', 'நான் பார்த்த வரை'. அது கமென்டேட்டர் ஸ்டைல். ஸ்போக்ஸ்பர்சனுக்கு 'நான்' கிடையாது. 'நாங்கள்' போடுங்க, இல்லாட்டி 'கட்சி' போடுங்க."

போட்டார். நாளடைவில் வீட்டில் சாப்பாடு கேட்கும்போதுகூட 'நாங்க' என்று வந்து அமலா சிரித்தார். ஆனால் ஒவ்வொரு செய்தியாளர் கூட்டத்திலும், கேள்வி முடிந்து பதில் தொடங்கும் இடைவெளியில் மூச்சு கேட்டது. இப்போது இரண்டு காதிலும்.

தேர்தல் நெருங்கியபோது பழைய தொலைக்காட்சி நண்பர் ஒருவரிடம் அந்த நாளின் காணொளியைக் கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. கட்சி அலுவலகத்தில், துணிக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். நான், நான், நான். வெட்டு. மேசைச் சிரிப்பு. பின்பு விளம்பரம். திருப்பிப் போட்டார். நண்பரை அழைத்தார்.

"முழு ஒரு நிமிஷமும் வேணும்பா. அவரு மிச்சத்தப் பேசியிருப்பாருல்ல?"

"ஒளிபரப்பானதுதான் இருக்கு ரகு. வெட்டினதுக்கு அப்புறம் யாரு ரெக்கார்ட் பண்ணா?"

பழைய பத்திரிகைகளைத் தேடினார். எந்தப் பத்திரிகையிலும் சின்னராசு என்ன பேசினார் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் பேசவில்லை என்றே எல்லோரும் எழுதியிருந்தார்கள், ரகுபதியின் சனிக்கிழமைப் பத்தி உட்பட. பத்து வருடத்தில் முதல் முறையாக ரகுபதிக்கு உறைத்தது. தாம் கேட்காத ஒரு பேச்சைப் பற்றித்தான் அத்தனை பேருக்கு முன் கருத்துச் சொல்லியிருக்கிறோம். அன்றிலிருந்து அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்பது தெரியாமல் அவரால் தூங்க முடியவில்லை. குளிக்கும்போதும் 'நான்' என்று சொல்லி அதன் பின்னால் எதையாவது வைத்துப் பார்ப்பார். எதுவும் பொருந்தாது.

கட்சி அந்தத் தேர்தலில் ஒரே ஓர் இடத்தில் நின்றது. ஆங் மோ கியோவை ஒட்டிய அதே தனித்தொகுதி. வேட்பாளர் ரமணன், இளம் கணக்காய்வாளர், நல்ல பையன், மேடையில் நடுங்குவான். வீடு வீடாகப் போக ரோஷினி பட்டியல் போட்டார். ரகுபதிக்கு வந்த புளோக் எண்ணைப் பார்த்ததுமே மரண அறிவிப்பின் கீழ் வரி நினைவுக்கு வந்தது. வேறு ஒருவரோடு மாற்றிக்கொண்டிருக்கலாம். மாற்றிக்கொள்ளவில்லை.

மழை பெய்துகொண்டிருந்த பிற்பகல். ஏழாம் மாடியில் நான்காவது வீடு. கூடத்துச் சுவரில் சீருடைப் படம் தெரிந்ததும் ரகுபதி கூட வந்த ரோஷினியிடம், "நீங்க மேல் மாடிக்குப் போங்க, வந்திடுறேன்," என்றார். இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி வந்து நின்றார். எழுபதை நெருங்கும் வயது, வெட்டிய நரைமுடி, கையில் ஈரத்துணி.

"அம்மா, நாங்க குடிமக்கள் மேடைக் கட்சியிலேர்ந்து..."

"தெரியுது. உள்ள வாங்க."

நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டார். தாம் உட்காரவில்லை.

"என்னைத் தெரியுமாம்மா?"

"தெரியாதவங்க இருக்காங்களா?"

மேற்கொண்டு என்ன சொல்வதென்று ரகுபதி எவ்வளவோ யோசித்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார். கடைசியில் கேட்க வந்ததை அப்படியே கேட்டார்.

"அன்னிக்கு அவரு என்ன சொல்ல வந்தாரும்மா?"

பூவம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே அதப் பத்தி டிவில பேசுனீங்க?"

"நான் கேக்கலம்மா. எங்களுக்கு கட் பண்ணிட்டாங்க."

"கேக்காமலா பேசுனீங்க?"

பூவம்மா போய்ச் சாரல் அடித்த சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் அங்கதான் நின்னேன்," என்றார் பூவம்மா. "முழுசா சொன்னாரு. கொஞ்ச நேரம் ஆச்சு, அவ்ளோதான். எப்பவும் அப்படித்தான், மொத வார்த்த கஷ்டம், அப்புறம் வந்துரும். பஸ்ஸுல ஏறுற பாட்டிங்க எல்லாருக்கும் அது தெரியும். அவனவன் கொடியப் புடிச்சுக்கிட்டுக் கத்துனான். பக்கத்துல நின்ன நாலு பேருக்குக் கேட்டிருக்கும்."

"என்னன்னு..."

"சொல்ல மாட்டேன்." குரலை உயர்த்தவில்லை. "எழுதி வச்சிருந்த பேப்பரு அவரு சட்டப் பையிலயே இருந்துச்சு. மண்டாய்ல எரிக்கறப்ப அதயும் சேத்து வச்சு அனுப்பிட்டேன். ஊருக்குன்னு எழுதுனாரு, ஊரு கேக்கல. இப்ப அது எனக்குள்ள கெடக்கு. கெடந்துட்டுப் போவட்டும்."

ரகுபதி எழுந்தார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"எனக்கு எதுக்கு?" ஈரத்துணியை உதறி மடித்தார். "நாலு சுவத்துக்குள்ள சொன்னா சுவத்துக்குத்தான் கேக்கும். எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

வாசலில் ரகுபதி கையில் மிச்சமிருந்த துண்டறிக்கையை, என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கட்சி அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னார். பொதுக்கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதற்கு வேண்டும் என்றார். ரோஷினி தலையைப் பிடித்துக்கொண்டார். ஜலாலுதீன் பொறுமையாகக் கேட்டார்.

"ரகு, நீங்க சொல்றது நியாயம். ஆனா ஓட்டுக்கு மூணு நாள்தான் இருக்கு. அது ரமணனோட மேடை. உங்க மனசாட்சிக்கு வேற மேடை பாப்போம். எலெக்ஷன் முடியட்டும்."

"சரி பாய்," என்றார் ரகுபதி. அவர் பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அப்போது சரி என்றுதான் பட்டது.

பொதுக்கூட்டம் ஒரு பள்ளித் திடலில். மாலை ஏழரை. மழை நின்று புல் சொதசொதவென்று இருந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசைப் பக்கம் தமிழ் இளைஞர்கள் கும்பலாக நின்றார்கள். ரமணன் நடுங்காமல் பேசி முடித்தான். பிறகு தமிழில் பேச ரகுபதியை அழைத்தார்கள். அவர் எழுந்ததுமே முன்வரிசை ஆரம்பித்துவிட்டது.

"மூணு ஓட்டு! மூணு ஓட்டு!"

ஒலிபெருக்கியைப் பிடித்தார். இரண்டு காதிலும் மூச்சு உள்ளே போயிற்று. அவர் காத்திருந்தார். கையிலிருந்த உரையைப் பார்த்தார். 'நாங்கள்' என்று தொடங்கியது. அதை மடித்துப் பையில் வைத்தார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தத் தொகுதியில ஒருத்தர் நின்னாரு. அவர் பேரு சின்னராசு."

கூட்டம் சிரிப்புக்குத் தயாரானது.

"அவரப் பத்தி நான்..."

வார்த்தை நின்றுவிட்டது. அழுகையா வேறு ஏதாவதா என்று அவருக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக ஒலிபெருக்கி முன் சொல்லாத வார்த்தை வாய்க்குள்ளேயே கிடந்தது. மறுபடி முயன்றார்.

"நான்..."

"ரெண்டு!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரிப்பு வெடித்தது.

கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டார்கள். கைத்தட்டல். திடலில் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள்கூடப் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுச் சிரித்தார்கள். அந்த வெளிச்சங்களைப் பார்த்தபடி ரகுபதி மூன்றாவது முறை, "நான்," என்றார்.

"மூணு!" என்றது திடல் முழுவதும்.

அதன் பிறகும் அவர் பேசினார். நிறுத்தவில்லை. தாம் செய்தது தப்பு என்று சொன்னார். ஒரு மனிதனுக்கு ஒரு நிமிடம் கொடுக்க முடியாமல் போனதைச் சொன்னார். அந்த மனிதனிடமும் அவர் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார். விசில் சத்தத்திலும் சிரிப்பிலும் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பேசி முடித்துக் கும்பிட்டபோது கூட்டம் எழுப்பிய ஆரவாரத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது.

கீழே இறங்கியதும் ஜலாலுதீன் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "மன்னிப்பு, கின்னிப்புன்னு பயமுறுத்திட்டு! என்னமா பண்ணீங்க! பத்து வருஷம் கழிச்சு உங்க ஜோக்க நீங்களே உங்க மேல போட்டுக்கிட்டீங்க, ரகு. இதுதான் அரசியல்." ரோஷினி கைப்பேசியைக் காட்டினார். பத்து நிமிடத்தில் இருபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். புதிதாக அரசியல் விமர்சனம் செய்துவரும் நிதீஷ் என்ற இளைஞன், 'டைமிங் என்றால் இது' என்று எழுதிப் பகிர்ந்திருந்தான்.

ரகுபதி வீட்டுக்கு வந்தபோது அமலா வாசலிலேயே நின்றார். நேரலை பார்த்திருக்கிறார். ரகுபதி செருப்பைக் கழற்றும்வரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாக்களிப்புக்கு முந்தைய நாள் யாரும் பிரசாரம் செய்யக்கூடாது. கட்சிக்காரர்களுக்கெல்லாம் வாய்க்கட்டு. ஏழாம் மாடிக்குப் போகலாமா என்று காலையிலிருந்து ரகுபதி நினைத்துக்கொண்டிருந்தார். போனால் வாக்குக் கேட்கப் போனதாக ஆகிவிடும். பதினோரு மணிக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. துண்டறிக்கையின் அடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருந்தார் பூவம்மா.

"நான் வந்திருந்தேன்," என்றார். "பின்னால, கோல் போஸ்ட் பக்கத்துல நின்னேன்."

"ஒண்ணும் கேட்டிருக்காதும்மா."

"ஸ்பீக்கருக்குக் கீழதான் நின்னேன். கேட்டுச்சு. முழுசா கேட்டேன்."

ரகுபதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மறுமுனையில் ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். எம் பொண்ணுக்கே தெரியாது. அன்னிக்கு சாயங்காலம் உங்க வீடியோவ எங்க அண்ணி போன்ல அனுப்பிச்சாங்க. யாரு என்னன்னு தெரியாமத் தொறந்துட்டேன். அவரு மூஞ்சி சரியாத் தெரியல, சின்னதா இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் கேட்டுச்சு. நான் சிரிச்சிட்டேன் தம்பி. நல்லா, சத்தமா சிரிச்சேன். திரும்பிப் பாத்தா அடுப்படி வாசல்ல நிக்கிறாரு."

"அம்மா..."

"ஒண்ணும் சொல்லல. சாப்பாடு வைன்னாரு. வச்சேன். அதுக்கப்புறம் பதினாலு மாசம் இருந்தாரு. அதப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. பேச வராத மனுஷன், அவரா ஆரம்பிக்க மாட்டாரு. நான் ஆரம்பிச்சிருக்கணும். இன்னிக்கு நாளைக்குன்னு இருந்துட்டேன். ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல உக்காந்தமேனிக்குப் போயிட்டாரு." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்கள மேடையில போய்ச் சொல்லுங்கன்னு நான் அதிகாரமாச் சொன்னேன். எனக்குச் சொல்ல எடம் இல்ல. அதான் உங்ககிட்ட சொல்றேன்."

இத்தனை வருடமாகப் பேசிப் பிழைத்த ரகுபதி காதில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூவம்மாவும் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "சரி, உலையில அரிசி கெடக்கு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரமணன் தோற்றான். ஆனால் கட்சி இதுவரை வாங்காத வாக்கு வாங்கினான். திடல் காணொளிக்கு அதில் பங்கு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். மறுநாள் நண்பகலில் ரகுபதி செய்தியாளர்களைச் சந்தித்து வாக்காளர்களுக்கு நன்றி சொன்னார். சரளமாகத்தான் பேசினார். ஒரு மாதம் கழித்து ஜலாலுதீனிடம் விலகல் கடிதம் கொடுத்தார். அவர் அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "இன்னும் ஆறு மாசம் இருங்க ரகு, வேற ஆள் யாரு?" என்றார். ரகுபதி இருந்தார். இன்னமும் இருக்கிறார். மூச்சுச் சத்தமும் இருக்கிறது. முன்பு அது வந்தால் அவசரமாக எதையாவது பேசி மூடுவார். இப்போது முடியும்வரை விட்டுவிடுகிறார். நேரலையில் அந்த இடைவெளி மோசமாகத் தெரிகிறது என்று ரோஷினி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

பூவம்மா மறுபடி அழைக்கவில்லை. ரகுபதியும் அழைக்கவில்லை. எண்ணை மட்டும் பெயர் போட்டுச் சேமித்து வைத்திருந்தார்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் மதியம், லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவசரமாக எடுத்தார். வேறு குரல்.

"சார், நான் பூவம்மாவோட மக பேசுறேன். அம்மாவ உட்லண்ட்ஸுக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். தனியா விட முடியல, அடிக்கடி மறந்துபோறாங்க. இந்த லைன கட் பண்ணப் போறோம். உங்களுக்கு சொல்லிடச் சொன்னாங்க."

"வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார், இதுதான். அம்மாவ உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரயில் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. ரகுபதி ஏறவில்லை. ஒதுங்கிப் போய்த் தூண் பக்கம் நின்றார்.

"அப்பாவைத் தெரியும்," என்றார். பிறகு, "இல்ல, தெரியாது. வீட்டு அட்ரஸ் குடுக்க முடியுமாம்மா? ஒரு தடவ வந்து பாக்கணும்."

அந்தப் பெண் தயங்கினார். பின்னால் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

அதற்குப் பிறகு ரகுபதி அந்த எண்ணுக்கு இரண்டு முறை அழைத்துப் பார்த்தார். அது பயன்பாட்டில் இல்லை. மகளின் எண் அவரிடம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றவர் இதுவரை அழைக்கவில்லை.